கோடை முகாமும் குழந்தையின் விருப்பமும்

ஒவ்வோர் ஆண்டும் பனி உருகத் தொடங்கும் நாட்களில் கோடை முகாம் விண்ணப்பங்கள் வீடு தேடி வருகின்றன. பெயர், வயது, தடுப்பூசி விவரம் எல்லாம் எழுதி முடித்தபின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கும். கானோப் படகு, வில்வித்தை, மட்பாண்டம், நாடகம், புகைப்படம், குதிரையேற்றம் என்று வரிசையாக அச்சிட்டு, குழந்தை முதலாவதாக எந்த வகுப்பை விரும்புகிறது, இரண்டாவதாக எதை, மூன்றாவதாக எதை என்று குறிக்கும்படி கேட்டிருப்பார்கள். கேட்பது குழந்தையை. ஆனால் நம்மவர் வீடுகள் பலவற்றில் அந்தக் கட்டங்களை நிரப்புவது தாயாரோ தகப்பனாரோதான். "அவனுக்கு என்ன தெரியும்?" என்பது நம் வழக்கத்தில் வந்த கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. ஆயினும் அந்தப் பட்டியல் அமெரிக்காவில் ஒரு நாளில் முளைத்ததன்று. அது வருவதற்கு ஏறத்தாழ 60 ஆண்டுகள் ஆயின. அதற்காக வாதாடியவர்கள் பிள்ளைகளுக்குச் செல்லம் கொடுக்க விரும்பியவர்களும் அல்லர்.

கனெக்டிகட் மாநிலத்தில் வாஷிங்டன் என்ற சிற்றூரில் பிரெடரிக் வில்லியம் கன் என்ற ஆசிரியர் ஒரு விடுதிப் பள்ளியை நடத்தி வந்தார். 1861-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. பள்ளிச் சிறுவர்களுக்குப் போர் வீரர்களைப் போல நெடுந்தூரம் நடக்கவும் கூடாரத்தில் படுக்கவும் ஆசை வந்துவிட்டது. கன் அவர்களும் அவருடைய மனைவி அபிகெயிலும் சிறுவர்களை அழைத்துக்கொண்டு சுமார் 40 மைல் தொலைவிலுள்ள மில்போர்டு கடற்கரைக்குச் சென்று, இரண்டு வாரம் கூடாரமடித்துத் தங்கினார்கள். படகு விடுவதும் மீன் பிடிப்பதுமாகப் பொழுது போயிற்று. அமெரிக்கக் கோடை முகாம்களில் இதுவே முதலாவது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. முதல் முகாமே சிறுவர்களின் ஆசையில் பிறந்தது என்பது ஒரு வேடிக்கைதான். ஏனெனில் அதன்பின் வெகுகாலம் அவர்களை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

ஆனால் 1881-ல் நடந்த ஒரு முயற்சியைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். எர்னஸ்ட் பால்ச் என்ற டார்ட்மத் கல்லூரி மாணவர், செல்வர் வீட்டுப் பிள்ளைகள் கோடை முழுவதும் ஓட்டல்களில் சோம்பித் திரிவதைக் கண்டு மனம் சகியாதவராக, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஸ்குவாம் ஏரியில் ஒரு தீவில் 'சொகோருவா' என்ற முகாமைத் தொடங்கினார். அங்கே வேலைக்காரர்கள் கிடையாது. சமைப்பது, பாத்திரம் துலக்குவது, இடத்தைப் பெருக்குவது எல்லாம் பையன்களே, முறை வைத்துக்கொண்டு. வீட்டிலிருந்து எவ்வளவு பணம் வந்தாலும் கைச்செலவுக்கு எல்லாருக்கும் ஒரே அளவுதான். ஒருவனுக்குச் சொந்தமாகக் கானோப் படகு வேண்டுமென்றால், முகாமில் ஏதேனும் ஒரு வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்து, கூலியைச் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பணத்துக்காக ஒரு வங்கியும் இருந்தது, காசோலையும் எழுதினார்கள்! எதை வேண்டுவது என்பது பையனின் விருப்பம். அதற்கு உழைப்பதும் அவன் பொறுப்பு. 1889-ல் அந்த முகாம் மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் பிற்காலத்து முகாம்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அதை மறப்பதில்லை.

1885-ல் சம்னர் டட்லி என்பவர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் சிறுவர்களை முகாமுக்கு அழைத்துச் சென்றார். அவர் பெயரால் நடக்கும் முகாம் இன்றும் சாம்ப்ளெய்ன் ஏரிக்கரையில் இருக்கிறது. 1902-ல் லாரா மாட்டூன் பெண் குழந்தைகளுக்காக நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு முகாம் தொடங்கினார். முகாம்கள் பெருகப் பெருக, அவற்றில் ஓர் இராணுவ வாடை ஏறிற்று. விடியற்காலையில் பியூகிள் ஊதல், கொடி வணக்கம், கூடாரச் சோதனை, மணிக்கு மணி ஒரு பயிற்சி, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், முடிவில் கோப்பைகள், பதக்கங்கள். நகர வாழ்க்கை பையன்களை மென்மையாக்கிவிட்டது, அவர்களைத் தட்டி நிமிர்த்த வேண்டும் என்ற கவலை அக்காலத்துப் பெரியவர்களுக்கு மிகுதி. தட்டி நிமிர்த்துகிறவர்கள் இரும்பைக் கேட்டுக்கொண்டா அடிக்கிறார்கள்?

இந்தக் கட்டுப்பாட்டுக்கு நடுவே முதல் சாளரத்தைத் திறந்தது, விந்தையாக, சீருடை அணிந்த சாரண இயக்கமே. 1910-ல் அமெரிக்கச் சாரணர் சங்கம் தோன்றிற்று. 1911-ஆம் ஆண்டுக் கைந்நூலில் 57 தகுதிச் சின்னங்கள் இடம்பெற்றன. தேனீ வளர்ப்பு, தச்சு, முதலுதவி என்று பல துறைகள். சாரணன் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்ந்த நிலையான கழுகுச் சாரணன் ஆவதற்கு வேண்டிய 21 சின்னங்களில் சில கட்டாயம்; மற்றவையே விருப்பம். கட்டாயமும் விருப்பமும் ஒரே படிக்கட்டில் அமைந்த இந்த ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் நீடித்திருக்கிறது.

அடுத்த மாறுதல் பள்ளிக்கூடத்துறையிலிருந்து வந்தது. ஜான் டூயி அவர்களின் கல்விக் கொள்கையில் ஊறியவரான வில்லியம் ஹெர்ட் கில்பாட்ரிக், கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். 1918-ல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை ஆசிரியர் உலகத்தையே கலக்கிற்று. அதன் கருத்து இதுதான்: குழந்தை முழு மனத்தோடு ஒரு நோக்கத்தை ஏற்றுச் செய்யும் வேலையில்தான் கல்வி உண்டாகிறது. நோக்கம் கொள்வது, திட்டமிடுவது, செய்து முடிப்பது, செய்ததைச் சீர்தூக்கிப் பார்ப்பது ஆகிய நான்கு படிகளிலும் குழந்தை தானே நடக்க வேண்டும். முதற்படியைப் பெரியவர் எடுத்துக்கொண்டு மற்ற மூன்றையும் பிள்ளையிடம் கொடுத்தால் அது வெறும் கூலி வேலையாகிவிடும்.

பள்ளிக்கூடங்களில் இதைச் செய்து பார்ப்பது கடினம். பாடத்திட்டம் உண்டு, பரீட்சை உண்டு, பெற்றோர் கேள்வி உண்டு. முகாமில் இவற்றின் தொல்லை குறைவு. எனவே முகாம் ஒரு சோதனைச்சாலை ஆயிற்று. கனடா நாட்டில் ஒன்டாரியோ மாகாணத்து அல்கான்குவின் பூங்காவில், கானோ ஏரிக்கரையில், டெய்லர் ஸ்டாட்டன் 1921-ல் 'ஆமெக்' என்ற முகாமைத் தொடங்கினார். அங்கே நடந்தவற்றை ஹெட்லி டிமாக், சார்லஸ் ஹெண்ட்ரி என்ற இருவர் கூர்ந்து கவனித்துக் குறிப்பெடுத்து, 'முகாமும் நற்குணமும்' என்ற பொருள்பட ஒரு நூலாக 1929-ல் வெளியிட்டார்கள். பெரியவர்கள் வகுத்த அட்டவணை தளர்ந்து, பையன்களின் ஈடுபாட்டை ஒட்டித் திட்டம் அமைந்தபோது என்ன நேர்ந்தது என்பதை அந்நூல் விவரிக்கிறது. நற்குணம் என்பது உபதேசத்தால் ஊட்டப்படுவதன்று, ஒரு பையன் தன் கூடாரத்துத் தோழர்களோடு சேர்ந்து தான் மேற்கொண்ட காரியத்தை முடிக்கும்போது படிவது என்பது அவர்கள் வாதம். ஏறக்குறைய அதே காலத்தில், 1924-ல், தொழிற்சங்கக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் 'பயனீர் யூத்' என்ற முகாம் தொடங்கிற்று. அதன் அனுபவத்தை ஜோஷுவா லிபர்மன் 1931-ல் நூலாக எழுதினார். அங்கேயும் அன்றன்று என்ன செய்வது என்பதில் பிள்ளைகளின் சொல்லுக்கு இடமிருந்தது.

"அப்படியானால் அவிழ்த்துவிட்டுவிட வேண்டியதுதானா?" என்று கேட்கத் தோன்றும். இதற்கும் ஒரு பதில் கிடைத்தது. ஜெர்மனியை விட்டு 1933-ல் வெளியேறி வந்த கர்ட் லெவின் என்ற உளவியலாளர், அயோவா பல்கலைக்கழகத்தில் 1938, 1939 ஆண்டுகளில் லிப்பிட், ஒயிட் ஆகியோருடன் பத்து வயதுப் பையன்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துக் கைவேலை செய்யச் சொன்னார். ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றுக்கும் கட்டளையிட்டார். இன்னொரு வகையினர் பையன்களோடு கலந்து பேசி முடிவு செய்தார். மூன்றாம் வகையினர் எதிலும் தலையிடாமல் சும்மா இருந்தார். கட்டளைத் தலைவர் இருக்கும்வரை வேலை நடந்தது. அவர் அறையைவிட்டு வெளியே போனதும் நின்றுவிட்டது. கலந்து பேசிய குழு தலைவர் இல்லாதபோதும் வேலையைத் தொடர்ந்தது. சும்மா விடப்பட்ட குழுவிலோ வேலையும் குறைவு, தரமும் குறைவு. ஆகவே விருப்பம் கொடுப்பது வேறு, கைவிடுவது வேறு.

நல்ல முகாம்களின் நடைமுறையைப் பார்த்தால் இது விளங்கும். முதல் நாளே எல்லாக் குழந்தைகளுக்கும் நீச்சல் பரீட்சை. நீந்தத் தெரியாதவர்கள் நீச்சல் வகுப்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும்; அதற்கு எந்தப் பட்டியலும் இல்லை. தண்ணீரில் இறங்கும்போது இருவர் இருவராக இணைத்துவிடுவார்கள். விசில் ஊதியதும் ஒவ்வொரு குழந்தையும் தன் இணையின் கையைப் பிடித்து உயர்த்த வேண்டும், தலைகளை எண்ணுவார்கள். நீச்சலில் தேறியவருக்கே கானோப் படகு. வில்வித்தைக்கு எத்தனை வில் உண்டோ அத்தனை பேர்தான். இரண்டாவது, மூன்றாவது விருப்பம் கேட்பது இதற்காகவே. தொடக்கத்தில் ஓரிரு நாள் மாற்றிக்கொள்ள இடம் தருவார்கள்; பிறகு எடுத்த வகுப்பை முடித்தாக வேண்டும். மட்பாண்டச் சக்கரத்தில் முதல் மூன்று நாள் களிமண் சரிந்துகொண்டேதான் இருக்கும். தானே கேட்டு வந்தவன் நான்காம் நாளும் உட்காருகிறான். அனுப்பப்பட்டவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான்.

மிச்சிகன் மாநிலத்தில் இன்டர்லோக்கன் என்ற இடத்தில் 1928-ல் ஜோசப் மாடி தொடங்கிய இசை முகாமை இங்கே நினைக்கலாம். அங்கே வந்த பிள்ளைகள் இசையை நாடி வந்தவர்கள். ஆனால் வந்த பின் சலுகை இல்லை. வாத்தியக் குழுவில் யார் முன் வரிசை, யார் பின் வரிசை என்பதை வாராவாரம் வாசித்துக் காட்டி நிலைநாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. நம் சங்கீத வித்வான்களும் இந்தக் கண்டிப்பை ஒப்புக்கொள்வார்கள்.

இந்த நாட்டில் குடியேறிய சமூகங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தங்கள் மொழியையும் சமயத்தையும் பிள்ளைகளிடம் சேர்க்கவே அவர்கள் முகாம் நடத்துகிறார்கள். அவற்றைக் கானோப் படகுக்குப் பக்கத்தில் பட்டியலில் போட்டால் எத்தனை பிள்ளைகள் அவற்றைக் குறிப்பார்கள்? யூதர்கள் இந்தக் கேள்வியை நமக்கு வெகு முன்பே சந்தித்தவர்கள். 1947-ல் விஸ்கான்சின் மாநிலத்துக் கோனோவரில் முதலாவது 'ராமா' முகாம் தொடங்கிற்று. (பெயரைக் கண்டு மயங்க வேண்டாம், எபிரேய மொழியில் உயர்ந்த இடம் என்று பொருள்.) அங்கே வழிபாடும் நாள்தோறும் படிப்பும் எல்லாருக்கும் பொது. விளையாட்டும் கைவேலையும் நாடகமும் எபிரேயத்தோடு கலந்து நடந்தன. யூத முகாம்களில் பிள்ளைகள் தாமே தேர்ந்தெடுக்கும் வகுப்புக்கென்று 'ஹூக்' என்று எபிரேயத்திலேயே பெயர் வழங்குகிறது. மின்னசோட்டாவில் காங்கார்டியா கல்லூரி 1961-ல் ஜெர்மன் மொழி முகாமுடன் தொடங்கிய மொழிக் கிராமங்களில் இன்னொரு வழியைக் கண்டார்கள். குழந்தை உள்ளே நுழையும்போதே எல்லை தாண்டுவது போல ஒரு சடங்கு. அந்த மொழியில் ஒரு புதுப் பெயர். கடையில் அந்நாட்டுப் பணம். குழந்தை எந்த விளையாட்டை எடுத்தாலும் காதில் விழுவது அந்த மொழிதான். விருப்பத்தை மொழிக்கு வெளியே வைக்காமல் மொழிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் இந்தியாவிலிருந்து குடும்பங்கள் பெருவாரியாக வந்தன. 1977-ல் பிட்ஸ்பர்க் வேங்கடேசுவரர் ஆலயத்துக்கும் நியூயார்க் பிளஷிங் கணபதி ஆலயத்துக்கும் கும்பாபிஷேகம் நடந்தது. ஆலயங்கள் வந்ததும் குழந்தைகளுக்கான முகாம்களும் வந்தன. காலையில் பிரார்த்தனையும் யோகாசனமும் பொது. பிறகு பாட்டு, நடனம், மிருதங்கம், கோலம், விளையாட்டு என்று பிரிவது பலவற்றில் வழக்கம். குறை ஒன்று உண்டு. விருப்ப வகுப்புகளுக்குத் தேர்ந்த ஆசிரியரைத் தேடிப் பிடிக்கிறவர்கள், கட்டாய வகுப்புக்கு மட்டும் அன்று யார் ஓய்வாக இருக்கிறாரோ அவரை நிறுத்திவிடுகிறார்கள். தப்பித்துப் போக வழியில்லாத வகுப்புக்குத்தான் மிகச் சிறந்த ஆசிரியர் வேண்டும். பரிசு கொடுத்து ஈடுகட்டலாம் என்றால் அதுவும் எளிதன்று. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் ஓர் ஆராய்ச்சி நடத்தினார்கள். படம் வரைவதில் இயல்பாகவே ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடப் பாதியளவே இருந்தது.

அதே லெப்பர், சீனா ஐயங்கார் என்ற ஆராய்ச்சியாளருடன் சேர்ந்து 1999-ல் வெளியிட்ட இன்னோர் ஆராய்ச்சி நம்மவர் கவனத்துக்கு உரியது. ஐயங்கார் கனடாவில் பிறந்த சீக்கியக் குடும்பத்துப் பெண்மணி. ஏழு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்கு எழுத்துக்களை மாற்றிச் சொல் அமைக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சிலர் தாங்களே புதிரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு ஆராய்ச்சியாளர் தேர்ந்தெடுத்தார். சிலரிடம் "இது உன் தாயார் தேர்ந்தெடுத்தது" என்று சொல்லப்பட்டது. வெள்ளைக்காரக் குழந்தைகள் தாமே தேர்ந்தெடுத்தபோது மிக நன்றாகச் செய்தார்கள். சீன, ஜப்பானிய வம்சத்துக் குழந்தைகளோ தாயார் தேர்ந்தெடுத்ததாக நம்பியபோது மிக நன்றாகச் செய்தார்கள். தாமே தேர்ந்தெடுத்தது அதற்கு அடுத்தபடி. அறிமுகமில்லாத ஒருவர் தேர்ந்தெடுத்தது கடைசி.

இந்தியக் குழந்தைகள் அந்த ஆராய்ச்சியில் இல்லை. விண்ணப்பத்தைத் தாயாரே நிரப்பலாம் என்று இதற்கு அர்த்தம் செய்துகொள்வதும் அவசரம். இந்நாட்டில் பிறந்து வளரும் பிள்ளை ஏழு வயதில் ஒரு மாதிரி, பதினான்கு வயதில் வேறு மாதிரி. 2010-ல் எழுதிய நூலில் ஐயங்கார் அந்தக் குழந்தைகளில் இருவரைப் பற்றிச் சொல்கிறார். தாயார் தேர்ந்தெடுத்தது என்று கேட்டதும் ஒரு சிறுமி, என் அம்மாவையா கேட்டீர்கள் என்று கூசிப்போனாள். ஜப்பானிய வம்சத்துச் சிறுமி ஒருத்தியோ, புதிரையெல்லாம் முடித்து எழுந்து வந்து, அம்மா சொன்னபடியே செய்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனாள்.