ஒரே வீடு, ஐந்து அடுப்பு

செட்டிநாட்டு வீடு என்றதும் பர்மா தேக்கும் இத்தாலி சலவைக்கல்லும்தான் நினைவுக்கு வரும். பின்கட்டு அடுப்படியை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நகரத்தார் வழக்கப்படி, மணமான மகனும் மனைவியும் ஒரு தனிப் 'புள்ளி'. கோயில் வரி கூடப் புள்ளிக் கணக்கில்தான். கொஞ்ச நாளில் பெற்றோர் அவர்களை 'வேறு வைப்பார்கள்'. வீடு அதேதான், அடுப்பு மட்டும் வேறு. அரிசி, பருப்பு, செலவுக்குப் பணம் எல்லாம் கணக்காகக் கொடுத்துவிடுவார்கள். நான்கு மகன்கள் என்றால் ஒரே கூரையின் கீழ் ஐந்து உலை கொதிக்கும். மாமியார் மருமகள் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து ஏது?

விறகடுப்பு கட்டுவது பெரிய வித்தை அல்ல. மூன்று பக்கமும் செங்கல், முன்னால் விறகு செருக வாய், மேலே பாத்திரம் அமர மூன்று குமிழ். களிமண்ணில் உமி கலந்து பூச வேண்டும். உமி இல்லாவிட்டால் காயும்போது வெடித்துவிடும். காய்ந்தபின் சாணத்தால் மெழுகினால் முடிந்தது. கல்யாண விருந்துக்கு மட்டும் நீளப் பள்ளம் தோண்டிக் கோட்டை அடுப்பு போடுவார்கள்.

கணவன் மூன்றாண்டுக் கணக்கில் ரங்கூனுக்கோ பினாங்குக்கோ போய்விட, அந்த அடுப்பின் வரவு செலவு மனைவி கையில்தான். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் பலருக்கு வருமானம் நின்றது. புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பிழைப்புக்கு வெளியூர் போயின. வீடோ இன்னும் பொதுச்சொத்து. விற்பதானால் எல்லாப் புள்ளிகளும் கையெழுத்துப் போட வேண்டும்.