சத்தம் போடாத வாத்தியம்: சீக்வென்சரின் கதை

இன்னைக்கு எபிசோட்ல, தானா சத்தமே போடாத ஒரு வாத்தியத்தைப் பத்திப் பேசப்போறோம். பேர் சீக்வென்சர். நான் கொஞ்ச நாளாக ஒரு பழைய ஹார்டுவேர் சீக்வென்சரில் இசை செய்யக் கத்துக்கிட்டு இருக்கேன். அதில் வேலை செய்யும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது: மெஷின் வாசிக்கிற தாளம் யாருடைய தாளம்? அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கு.

முதல்ல, இது என்ன செய்யுது? சீக்வென்சருக்குள்ள இருப்பது ஒரு பட்டியல், அவ்வளவுதான். எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தமாக அமுக்கணும், எப்போது விடணும் என்ற பட்டியல். அதைப் படிச்சு சத்தம் எழுப்புறது பக்கத்துல இருக்கிற சிந்தசைசர்.

1977-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் எம்சி-8 என்ற கருவியை வெளியிட்டது. ரால்ஃப் டைக் என்ற கனடிய இசைக்கலைஞரின் யோசனையிலிருந்து பிறந்தது அது. அதில் பியானோ மாதிரி கட்டைகள் கிடையாது. கால்குலேட்டர் மாதிரி எண் பட்டன்கள்தான். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் எண்களைத் தட்டணும்: ஸ்வரத்தின் உயரத்துக்கு ஒன்று, அடுத்த ஸ்வரம் வரும்வரை உள்ள நேரத்துக்கு ஒன்று, இந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் ஒலிக்கணும் என்பதற்கு ஒன்று. ஒரு முழுப் பாட்டுக்கு எத்தனை எண்கள் ஆகும்னு யோசிச்சுப் பாருங்க!

டோக்கியோவின் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா குழு இதை வைத்துத்தான் புகழ்பெற்ற ஆல்பங்களைச் செய்தது. குழுவில் மூன்று பேர். ஆனால் எண்களைத் தட்டிய ஹிதேகி மட்சுதாகேயை ரசிகர்கள் 'நாலாவது ஆள்' என்றே சொன்னார்கள். வாத்தியத்தைத் தொடாமல், பட்டியல் எழுதுகிற ஒருவர் இசைக்கலைஞராக மதிக்கப்பட்டார். அது அன்றைக்குப் புதுசு.

எல்லாரும் கைதட்டிடல. 1982-ல் பிரிட்டன் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களையும் டிரம் மெஷின்களையும் தடைசெய்யக் கோரித் தீர்மானம் போட்டது. இன்னைக்கு அதைக் கேட்டா சிரிப்பு வரலாம். எனக்கு சிரிக்க மனசு வரல. ஒரு பெட்டி வந்தால் வயலின் வாசிக்கிறவரின் அன்றைய சம்பளம் போகும் என்பது கற்பனைப் பயம் இல்லை.

அதற்கடுத்த வருஷமே பெட்டிகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. அதுவரை ஒரு கம்பெனி கருவி இன்னொரு கம்பெனி கருவியோடு ஒத்துப்போறது பெரும்பாடு. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷி ஆகியோரின் முயற்சியில் 'மிடி' என்ற பொதுமொழி உருவானது. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த நாம் கண்காட்சியில் ஸ்மித்தின் ப்ராஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூபிடர்-6 கருவியையும் ஒரு கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றது ஒலித்தது.

அந்த கேபிளில் நொடிக்கு 31,250 பிட்கள் போகும். ஒரு ஸ்வரத்தின் தகவல் போய்ச்சேர கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட். பத்து விரலையும் ஒண்ணா அமுக்கினாலும் கேபிளுக்குள்ள அவை வரிசையிலதான் போகும், ரேஷன் கடை க்யூ மாதிரி. விரலின் அழுத்தத்துக்கு 1 முதல் 127 வரை எண்கள். மனுஷக் கையின் அத்தனை நயமும் அதுக்குள்ள அடங்கியாகணும்.

நம்ம ஊருக்கும் இந்த அலை சீக்கிரமே வந்தது. 1986-ல் வெளியான புன்னகை மன்னன் பாடல்களில் இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார்.

இப்போ தாளத்துக்கு வருவோம். ரோஜர் லின் என்ற அமெரிக்கர் 1980-ல் எல்எம்-1 என்ற டிரம் மெஷினைக் கொண்டுவந்தார். நாம கொஞ்சம் முன்னப்பின்ன தட்டினாலும் அது சரியான இடத்துக்கு நகர்த்திவிடும். அதுதான் 'குவாண்டைஸ்'. ஆனா எல்லாத் தட்டும் கோட்டுல நின்னா தாளம் விறைச்சுப்போகும். அதற்கு லின்னிடமே மருந்து இருந்தது: 'ஸ்விங்'. ஒரு பீட்டை நாலாகப் பிரித்தால், இரண்டாவதையும் நாலாவதையும் மட்டும் கொஞ்சம் தாமதப்படுத்துவது. 50 சதவீதம் என்றால் எல்லாம் சமம். 66-க்கு வந்தால் திஸ்ர நடையின் ஆட்டம் வந்துவிடும். இடையில் இருக்கிற எண்களில்தான் ரகசியம்.

1988-ல் லின், அகாய் நிறுவனத்துக்காக எம்பிசி60-ஐ வடிவமைத்தார். விரலால் தட்ட 16 ரப்பர் பேடுகள். ஒரு பீட்டை 96 துளிகளாகப் பிரிக்கும் சீக்வென்சர். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் ஒரு துளி சுமார் 5 மில்லிசெகண்ட். எண் தட்டிக்கொண்டிருந்த கைக்கு மறுபடி தட்டுகிற வேலை கிடைத்தது.

டெட்ராய்டைச் சேர்ந்த ஜே டில்லா, அதன் பின்வந்த எம்பிசி3000-ல் பல நேரம் குவாண்டைஸை அணைத்துவிட்டே வாசித்தார். ஒரு தட்டு முந்தும், இன்னொன்று பிந்தும்; ஆனா பாட்டு விழாது. 2006-ல், 32 வயதில், அவர் இறந்துபோனார். மெஷினில் பிறந்த அந்தத் தள்ளாட்டத்தை இன்று நிஜ டிரம்மர்கள் உட்கார்ந்து பழகுகிறார்கள். அவருடைய எம்பிசி இப்போது வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு மற்றும் பண்பாட்டுக்கான தேசிய மியூசியத்தில் இருக்கிறது.

என் கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான். மெஷின் பட்டியலை அப்படியே வாசிக்கும். அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது. எந்தத் தட்டு எத்தனை துளி தள்ளி விழணும்னு யார் முடிவு பண்றாங்களோ, தாளம் அவங்களுடையது. அந்த முடிவை எடுக்காமல் விட்டால், அதை கம்பெனி முன்னாடியே எடுத்து வச்சிருக்கும்.

உங்க கையில சீக்வென்சர் இருந்தா, ஏன், போன்ல ஒரு பீட் ஆப் இருந்தாலும், குவாண்டைஸை அணைச்சிட்டு நாலு பீட்டுக்கு ஒரு ஹை-ஹாட் வாசிச்சுப் பதிவு பண்ணுங்க. அப்புறம் குவாண்டைஸ் போட்டு அதையே கேளுங்க. ரெண்டுக்கும் நடுவுல காணாமப்போனது எதுவோ, அது நீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.