தேத்தண்ணி குடித்தால் மூளை தப்புமா?

ஹற்றன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் செய்தி சேகரிக்கப் போனால் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். இரவு எவ்வளவு குடித்தாலும், விடிய நல்ல சாயமாக வெறும் தேத்தண்ணி ஒரு கோப்பை உள்ளே போனால் எல்லாம் முறிந்துவிடுமாம். இப்போது இதற்கு விஞ்ஞானப் பூச்சும் கிடைத்திருக்கிறது. தேயிலையில் உள்ள ஒட்சியேற்ற எதிரிகள் மூளையைக் காக்கும் என்று வட்ஸ்அப்பில் வருகிறது. இதில் பாதிதான் உண்மை.

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 வீதம். ஆனால் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் சுமார் 20 வீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. நரம்புக் கலங்களின் மென்சவ்வில் கொழுப்பு அதிகம். திறந்து வைத்த எண்ணெய் காறிப்போவதைப் போல அந்தக் கொழுப்பும் ஒட்சியேற்றத்தால் கெடும். சாராயமோ கசிப்போ, அதிலுள்ள மதுசாரம் உடலில் அசற்றல்டிகைட்டு என்ற நச்சாக மாறுகிறது. அந்த மாற்றத்தின்போது சுயாதீன மூலிகங்கள் எனப்படும் அடங்காத துணிக்கைகளும் பிறக்கின்றன. அவற்றை அடக்க உடலே தயாரிக்கும் குளுற்றதயோன், தொடர்ந்து குடிப்பவரிடம் குறைந்துபோகிறது. சம்பள நாளில் மூக்குமுட்டக் குடித்து, காசு தீர்ந்ததும் சட்டென நிறுத்தி, மறுபடி தொடங்கும் பழக்கம் இன்னும் மோசம். நிறுத்தும் நேரத்தில் நரம்புகள் அளவுக்கு மீறித் தூண்டப்படுவதும் இதே சேதத்தைக் கூட்டுகிறது.

தேயிலையில் ஒட்சியேற்ற எதிரிகள் இருப்பது மெய். (தொழிற்சாலையில் கொழுந்து அரைபட்டுக் கறுப்பதே ஓர் ஒட்சியேற்றம்தான் என்பது வேறு கதை.) ஆனால் குடிக்கும் தேத்தண்ணியிலிருந்து இவற்றில் சிறு பங்குதான் இரத்தத்துக்குப் போகிறது, மூளையை எட்டுவது அதிலும் சொற்பம். எலிகளில் கிடைத்த நல்ல முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. ஒட்சியேற்ற எதிரியான பீற்றா கரோட்டீன் குளிசை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை; 18 வீதம் கூடியிருந்தது.

தோட்டத்தில் பேசப்படாத விடயம் தயமின், அதாவது விற்றமின் பி1. மூளை குளுக்கோசை எரித்துச் சக்தி பெற இது வேண்டும். மதுசாரம் இதைக் குடலில் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. குடிப்பவர் சாப்பாட்டையும் தவிர்க்கிறார். சாப்பிட்டாலும் தட்டில் இருப்பது கோதுமை மா ரொட்டி அல்லது தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு; இரண்டிலும் தயமின் குறைவு. போதாக்குறைக்கு, தேயிலையிலும் பாக்கிலும் உள்ள தனின் வகைப் பொருட்கள் தயமினைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எந்தத் தேத்தண்ணியைக் காவல் என்று நம்புகிறார்களோ, சாப்பாட்டோடு சேர்த்துக் கடுஞ்சாயமாகக் குடிக்கும்போது அதுவே தயமினையும் இரும்புச்சத்தையும் பறிக்கிறது. பயறு, கௌபி, கடலை, சிவப்பரிசி, புழுங்கலரிசி ஆகியவற்றில் தயமின் உண்டு. தேத்தண்ணியைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வைப்பது நல்லது.

தயமின் வற்றினால் வருவதை 1881இல் ஜேர்மன் மருத்துவர் கார்ல் வேர்னிக்கே விவரித்தார்: கண் அசைவு கெடும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். வீட்டில் இதை "இன்னும் வெறி தெளியல்ல" என்று விட்டுவிடுகிறார்கள். உடனே தயமின் ஊசி போட்டால் பெரும்பாலும் மீட்கலாம். தவறினால் நினைவு நிரந்தரமாக அழியும்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள் நம் வாசகர்களிலும் இருப்பார்கள். யுத்தமும் இழப்பும் தந்த தூக்கமின்மையைக் குடியால் அடக்கப் பார்க்கும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். குடியை விட்டால் சில வாரங்களிலிருந்து மாதங்களுக்குள் மூளை ஓரளவு தேறுகிறது என்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்தக் குளிசைக்கும் இல்லாத பலன் இது.

ஆனால் பல வருடம் தினமும் குடித்தவரை அறையில் பூட்டி வைத்து நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம், பிறகு சித்தப்பிரமையும் வரலாம். இரண்டும் உயிரைக் கொல்லும். வைத்தியசாலையில்தான் நிறுத்த வேண்டும். அங்கே வெட்கத்தில் குடியை மறைக்க வேண்டாம். தயமின் வற்றியவருக்கு அது கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைப் பாதிப்பு மோசமாகலாம். எத்தனை வருடம், என்ன, எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார் என்பதை வார்ட்டில் சேர்க்கும்போதே தாதியிடம் சொல்லிவிடுங்கள்.