குறுக்குக் கம்பியின் கதை

வேட்டைத் துப்பாக்கியின் மேல் ஒரு சிறு தொலைநோக்கி பொருத்தியிருப்பதைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். அதனுள் நெடுக்கும் குறுக்குமாக இரு மெல்லிய கோடுகள் தெரியும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே குறி. இக்கோடுகள் துப்பாக்கிக்காகப் பிறந்தவை அல்ல. வானத்தை அளக்கப் பிறந்து, நம் செங்கற்பட்டுச் சீமையின் குன்றுகளை அளந்த பிறகே அவை துப்பாக்கியில் ஏறின.

தொலைநோக்கி இல்லாத துப்பாக்கியில் பின்முனைப் பள்ளம், முன்முனைக் குமிழ், தொலைவிலுள்ள இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் காண வேண்டும். நம் கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவுக்கே தெளிவாகக் குவியும். 1611-இல் கெப்ளர் இரண்டு குவிவில்லைகளைக் கொண்ட தொலைநோக்கியை விளக்கினார். இதில் பொருளருகு வில்லை குழாயினுள்ளேயே ஒரு மெய்பிம்பத்தை உண்டாக்குகிறது. அவ்விடத்தில் ஓர் இழையை வைத்தால், பிம்பமும் இழையும் சேர்ந்தே பெரிதாக, சேர்ந்தே தெளிவாகத் தெரியும். கலிலியோவின் தொலைநோக்கியில் இத்தகைய இடமே கிடையாது.

1640-ஐ ஒட்டி இங்கிலாந்தில் வில்லியம் காஸ்காயின் என்ற இளைஞர் இதைக் கண்டறிந்தார். அவருடைய கருவிக்குள் ஒரு சிலந்தி இழை பின்னியிருந்ததாம்! அவ்விழை தெளிவாகத் தெரிந்ததே அவருக்கு வழிகாட்டியது. 1644-இல் உள்நாட்டுப் போரில் அவர் மாண்டார். ஆனால் பார்க்கும் கருவியாக இருந்த தொலைநோக்கி, அவரால் அளக்கும் கருவியாயிற்று.

அந்த அளக்கும் கருவி நம் ஊருக்கு வந்த கதை சுவையானது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலையருகே சங்கிலி கொண்டு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் வரை சுமார் ஏழரை மைல். அதன்பின் குன்றுக்குக் குன்று கோணம் அளக்க வேண்டும். அதற்காக லண்டனில் கேரி செய்த மாபெரும் தியோடலைட்டின் எடை ஏறக்குறைய அரை டன். அதன் வட்டத் தட்டின் விட்டம் 3 அடி. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைக் கைப்பற்றினார்கள். கருவியின் பயனை அறிந்ததும் மரியாதையுடன் அனுப்பி வைத்தார்கள். பகைவரிடமும் இப்படியொரு பண்பு இருந்திருக்கிறது.

கருங்குழி முதலிய குன்றுகளின் மேல் நின்று லாம்டன் செய்ததும் குறிபார்த்தல்தான். கோணத்தில் ஒரு விகலை, அதாவது பாகையில் 3600-இல் ஒரு பங்கு பிசகினால், 50 கிலோமீட்டர் தொலைவில் கால் மீட்டர் விலகிவிடும். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி அதன் வட்டம் நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் அடைந்து கிடந்து, 6 வாரங்களில் தம் கையாலேயே அதைச் சீர்செய்தார்.

கல்லூரி ஆய்வகத்தில் நிறமாலைமானியைக் கையாளும் மாணவர்களுக்கு இடமாறு தோற்றப்பிழை தெரிந்திருக்கும். பிம்பமும் குறுக்குக் கம்பியும் ஒரே தளத்தில் இல்லையென்றால், தலையை அசைக்கும்போது கம்பியும் இலக்கின் மேல் நகரும். (செய்முறைத் தேர்வன்று மட்டும் இது பலருக்கு மறந்துபோகும்.) துப்பாக்கித் தொலைநோக்கியைச் சரிசெய்வோர் கவனிக்க வேண்டியதும் இதே பிழையைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கர்கள் நீண்ட குழலுள்ள தொலைநோக்கிகளைத் துப்பாக்கியில் பொருத்தினார்கள். வில்லியம் மால்கம் 1855-இல் அவற்றை விற்பனைக்கென்றே செய்யத் தொடங்கினார். அவற்றைத் தேர்ந்தெடுப்பதிலும் இயற்பியல் உண்டு. உருப்பெருக்கம் கூடினால் நல்லது என்று எண்ணுவது தவறு. 40 மில்லிமீட்டர் வில்லையில் 8 மடங்கு பெருக்கினால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 5 மில்லிமீட்டர். அதையே 20 மடங்காக்கினால் வெறும் 2. அந்தி வேளையில் பிம்பம் மங்கிவிடும்.

அடுத்தது குண்டின் வீழ்ச்சி. ஒளி நேர்கோட்டில் செல்லும், குண்டு செல்லாது. விநாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 300 மீட்டரைக் கடப்பதற்குள், காற்றுத் தடையை விட்டுவிட்டாலும், குழல் நோக்கிய நேர்கோட்டிலிருந்து சுமார் 70 சென்டிமீட்டர் கீழிறங்கும். எனவேதான் குறிப்பிட்ட தொலைவில் சுட்டுப் பார்த்து, குறுக்குக் கம்பியும் குண்டு படும் இடமும் பொருந்தும்வரை திருகைத் திருப்புகிறார்கள். பல கருவிகளில் திருகின் ஒவ்வொரு 'டிக்' ஒலிக்கும் குறி கால் கலை நகரும். 60 கலை ஒரு பாகை. ஆகவே 100 மீட்டரில் இது ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் ஆகும்.

கருங்குழிக்கு அருகில்தான் வேடந்தாங்கல் ஏரி. அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் அவர்கள் வயலுக்கு உரமல்லவா? 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளுக்குப் பாதுகாப்பளித்து ஊராருக்குக் கவுல் எழுதிக் கொடுத்தார். லாம்டன் பரங்கிமலையில் சங்கிலி பிடிப்பதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது. நாடு முழுவதற்குமான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். இன்று அந்த ஏரிக்கரையில் நத்தைகுத்தி நாரைகளை நோக்கித் திரும்பும் இரட்டைக்குழல் தொலைநோக்கிகளில் குறுக்குக் கம்பி இருப்பதில்லை.