கிரி, ரெட்டி, பதினான்கு வங்கிகள்: பழவேற்காட்டுக் கரையும் 1969 குடியரசுத் தலைவர் தேர்தலும்

இந்தியாவின் ஐந்தாவது குடியரசுத் தலைவர் தேர்தல் 1969 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. சுயேச்சையாக நின்ற வி. வி. கிரி, காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டியை வென்றார். வாக்குப்பதிவுக்குச் சரியாக நான்கு வாரம் முன்பு, ஜூலை 19 அன்று, நாட்டின் 14 பெரிய தனியார் வங்கிகள் ஓர் அவசரச் சட்டத்தால் அரசுடைமையாயின. இரண்டும் ஒரே கயிற்றின் இரு புரிகள். வங்கியைப் பேசாமல் அந்தத் தேர்தலைப் பேச முடியாது.

வங்கி நெருக்கடி என்றால் பூட்டிய கதவும் அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். சென்னை அதைப் பார்த்த ஊர். 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி, சேமித்துவைத்த பலரைத் தெருவில் நிறுத்தியது. அந்த அடிக்குப் பிறகுதான் வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலானோர் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1960இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூழ்கியதன் பின்விளைவாக 1962 ஜனவரியில் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. மூடியதும் ஒன்றோடொன்று இணைத்ததும் போக, 1951இல் 566 ஆக இருந்த வங்கிகளின் எண்ணிக்கை 1960களின் இறுதியில் நூறுக்குக் கீழே வந்துவிட்டது. 1969இல் எந்தப் பெரிய வங்கியும் கவிழவில்லை. அப்போதைய நெருக்கடி வேறு வகை: மிஞ்சி நின்ற வங்கிகளில் சேரும் ஊர்ப்பணம் யாருக்குக் கடனாகப் போகிறது என்ற கேள்வி. 1967 கணக்குப்படி வங்கிக் கடனில் வேளாண்மையின் பங்கு 2 சதவீதத்தைச் சுற்றியே இருந்தது. உழவனுக்கே இந்த நிலை என்றால் வலைக்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஏரிக்குப் பட்டா கிடையாது

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி. வடக்கே பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு முனை தமிழ்நாட்டில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே சுவர்போல நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டா தீவு. 1960 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த ஆந்திர–சென்னை எல்லைத் திருத்தம் இந்தப் பக்கத்துத் தாலுகாக்களிலும் கோடுகளை மாற்றி வரைந்தது. தண்ணீரில் அந்தக் கோடு தெரியாது. வலை விரிக்கும் இடம் பற்றி இரு மாநில மீனவர்களுக்கும் தகராறு வரும்போதுதான் தெரியும்.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், கூனங்குப்பம், கோரைக்குப்பம், வைரவன்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், ஜமீலாபாத் எனத் தென்கரையில் குப்பங்கள் வரிசையாக உண்டு. 1969இல் இவை செங்கல்பட்டு மாவட்டத்துப் பொன்னேரி தாலுகாவைச் சேர்ந்தவை. திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது பிற்பாடுதான். இங்குள்ள பழைய ஏற்பாடு ஒன்றுக்குப் 'பாடு' என்று பெயர். முகத்துவாரத்தை ஒட்டி இறால் நடமாடும் நல்ல இடங்களில் கழி நட்டு வலை கட்டும் உரிமையை, உரிமையுள்ள குடும்பங்கள் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்கின்றன. இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். சில குப்பங்களின் பட்டினவர் குடும்பங்களுக்கு மட்டுமே உரியது என்பதால் இதை முழுச் சமத்துவம் என்று போற்றிவிட முடியாது. தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பறியில் போடும் இருளர்களுக்கு இந்த முறையில் இடமில்லை.

மீனைப் பங்கிட ஒரு முறை இருந்தது. பணத்தைப் பங்கிட முறை ஏதும் இல்லை.

1960களில் நைலான் வலை பரவியது; உறைய வைத்த இறால் கப்பலேறத் தொடங்கியது. பருத்தி வலையை விட்டு நைலானுக்கு மாறக் கையில் முதல் வேண்டும். அதைக் கொடுத்தவர் வியாபாரி. தமிழகக் கடற்கரை முழுக்க வழங்கும் ஏற்பாடு இது: வலைக்கும் படகுக்கும் முன்பணம் தருவார், வட்டி கேட்க மாட்டார். பதிலுக்குப் பிடிக்கிற இறாலும் மீனும் அவர் கைக்கே போக வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. வட்டி என்ற பேச்சே இல்லாததால் அது கடன்போலவும் தோன்றாது. முன்பணம் அடையாதவரை ஆளும் விடுபட மாட்டார். வங்கி இந்த வேலையைச் செய்யாததற்குக் காரணம் கெட்ட எண்ணம் மட்டுமல்ல. வங்கிக்கு அடமானம் வேண்டும். ஏரிக்குப் பட்டா கிடையாது, நைலான் வலை கிழிந்தால் போயிற்று. வங்கி மாதத் தவணை கேட்கும். முகத்துவாரம் மணல்மூடி அடைபட்ட மாதங்களில் மீன்பாடு இருக்காது. நள்ளிரவில் எஞ்சினுக்கோ ஆஸ்பத்திரிக்கோ பணம் தேவைப்பட்டால் வியாபாரியின் கதவைத் தட்டலாம். மேலாளரின் கதவைத் தட்ட முடியாது.

பெங்களூரிலிருந்து ஆகஸ்ட் வரை

1969 மே 3 அன்று குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். துணைத் தலைவர் கிரி தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். ஜூலையில் பெங்களூரில் காங்கிரஸ் கூடியபோது பிரதமர் இந்திரா காந்தி ஜகஜீவன் ராம் பெயரைச் சொன்னார்; காமராஜ், மொரார்ஜி தேசாய், எஸ். கே. பாட்டீல், ஒய். பி. சவாண் ஆகியோர் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தார்கள். பிரதமர் தோற்ற அதே மாநாட்டில்தான் வங்கிகளைப் பற்றிய அவருடைய பொருளாதாரக் குறிப்பும் முன்வைக்கப்பட்டது. ஜூலை 16 அன்று மொரார்ஜியிடமிருந்து நிதித் துறையை அவர் எடுத்துக்கொண்டார். மூன்றே நாளில், சனிக்கிழமை, அவசரச் சட்டம் வந்தது. திங்கட்கிழமை நாடாளுமன்றம் கூட இருந்தது. கூடிவிட்டால் அவசரச் சட்டம் போட முடியாது. கையெழுத்திட்டவர் கிரி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் பதவி விலகி வேட்பாளரானார். தலைமை நீதிபதி இதயதுல்லா தற்காலிகக் குடியரசுத் தலைவரானார். அன்று நள்ளிரவு தாண்டி, இந்திய நேரப்படி, மனிதர் ஏறிய கலம் முதன்முதலாக நிலவில் இறங்கியது. ஒரே வார இறுதியில் வானொலிக்கு இவ்வளவு செய்தி கிடைத்தது அபூர்வம்.

50 கோடி ரூபாயும் அதற்கு மேலும் வைப்புத்தொகை கொண்ட வங்கிகள்தான் எடுத்துக்கொள்ளப்பட்டன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பதினான்கில் அடக்கம். ஸ்டேட் வங்கிக் குழுமத்தையும் சேர்த்தால், நாட்டின் வங்கி வைப்புத்தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசின் கைக்கு வந்தது.

களத்தில் நின்ற முக்கியமான மூவரில் இருவர் வங்கியோடு பழைய கணக்கு உள்ளவர்கள் என்பது இந்தத் தேர்தலின் சுவையான பக்கம். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் ஆதரித்த சி. டி. தேஷ்முக், ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய ஆளுநர். பின்னர் நிதியமைச்சராக இருந்தபோது, 1955இல் இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கியாக மாறியது அவர் காலத்தில்தான். தொழிற்சங்கத்தில் வளர்ந்த கிரி, 1937இல் ராஜாஜியின் சென்னை மாகாண அமைச்சரவையில் இருந்தவர். நேருவின் தொழிலாளர் அமைச்சராக இருந்து 1954இல் விலகினார். காரணம், வங்கி ஊழியர் சம்பளம் குறித்த தீர்ப்பாய முடிவை அரசு திருத்தியது. அப்போதைய நிதியமைச்சர் யார் என்றால், தேஷ்முக். பதினைந்து ஆண்டு கழித்து இருவரும் ஒரே பதவிக்குப் போட்டியிட்டார்கள். ராஜாஜியின் சுதந்திராக் கட்சி அவருடைய பழைய அமைச்சரை விட்டுத் தேஷ்முக் பக்கம் நின்றது.

கிரி பிறந்தது பெர்ஹாம்பூரில், தெலுங்குக் குடும்பத்தில். ரெட்டி ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஏரிக்கரைக்கு இருவருமே அயலார் அல்லர். ஆனால் கரையில் யாருக்கும் வாக்கு இல்லை. குடியரசுத் தலைவரைத் தேர்வது நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள். அந்த வாக்கின் மதிப்பும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: 1961 மக்கள்தொகையை வைத்துக் கணக்கிட்டால் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு 144, ஆந்திர உறுப்பினருடையது 125. ஒரே ஏரியின் தென்கரைக்கு ஒரு எடை, வடகரைக்கு இன்னொரு எடை. பொன்னேரிப் பக்கத்து மீனவர் தம் இறாலை வியாபாரி வழியாகவும் தம் வாக்கை எம்.எல்.ஏ. வழியாகவும் விற்கவேண்டியிருந்தது என்று குறும்பாகச் சொல்லலாம், எம்.எல்.ஏ.வாவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறுவார்.

இந்திரா காந்தி கட்சிக் கொறடா உத்தரவு கூடாது என்று மறுத்து, மனசாட்சிப்படி வாக்களிக்கும் உரிமை வேண்டும் என்ற அணியோடு நின்றார். தமிழ்நாட்டில் பிளவு வெளிப்படை. காமராஜ் ரெட்டிக்காக உழைத்தார். அண்ணா மறைந்து ஆறு மாதமே ஆகியிருந்த நிலையில், முதலமைச்சர் கருணாநிதியின் தி.மு.க. கிரியையும் வங்கி நாட்டுடைமையையும் ஆதரித்தது.

ஆகஸ்ட் 20 அன்று எண்ணியபோது முதல் விருப்ப வாக்குகளில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்கிற்கு 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. யாரும் தொடவில்லை. இரண்டாம் விருப்பங்களைச் சேர்த்தபின் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. தேஷ்முக்கின் ஆதரவாளர்களில் மிகப் பெரும்பாலோர் ரெட்டிக்குத்தான் அடுத்த விருப்பம் தந்திருந்தார்கள், ஆனாலும் எட்டவில்லை. வித்தியாசம் 14,650. தி.மு.க. 1967இல் வென்ற மக்களவை இடங்கள் 25. ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு 576 எனப் பெருக்கினால் 14,400. ரகசிய வாக்கு என்பதால் யார் எப்படிப் போட்டார் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் சட்டமன்ற வாக்குகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, சென்னை மட்டும் மறுபக்கம் சாய்ந்திருந்தால் கிரி கரையேறியிருக்க மாட்டார்.

இரண்டாம் விருப்ப எண்ணிக்கை வரை போன ஒரே இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் இதுதான். பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையில் 2024 செப்டம்பரில் முதன்முதலாக அதே நிலை வந்தது. 2022இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாமல் நாடு முடங்கியதன் பின் நடந்த அந்தத் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வென்றார். அமெரிக்காவில் ரூஸ்வெல்ட் 1932இல் வென்று 1933 மார்ச்சில் பதவியேற்கும்வரை வங்கிகள் ஒவ்வொன்றாக மூடின. பொறுப்பேற்றவுடன் நாடு முழுதும் வங்கிகளுக்கு விடுமுறை விட்டார். 2008இல் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்த பத்தாம் நாள் குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கெயின் தம் பிரசாரத்தையே நிறுத்திவைப்பதாக அறிவித்தார். அங்கெல்லாம் நெருக்கடி தேர்தலைத் தாக்கியது. 1969 இந்தியாவில் தேர்தல்தான் வங்கியை நோக்கி நடந்தது என்பது வேறுபாடு.

வழக்கும் கிளைகளும்

1969 தேர்தல், வங்கிச் சட்டம் இரண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. கிரியின் வெற்றியை எதிர்த்த வழக்கில், பதவியிலிருந்த குடியரசுத் தலைவரே நேரில் வந்து சாட்சி சொன்னார். 1970 செப்டம்பரில் வழக்கு தள்ளுபடியானது. வங்கிச் சட்டத்துக்கு அதிர்ஷ்டம் குறைவு. பங்குதாரர் ஆர். சி. கூப்பர் தொடுத்த வழக்கில் 1970 பிப்ரவரி 10 அன்று பத்துக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அது செல்லாது என்றானது. நான்கே நாளில் புதிய அவசரச் சட்டம் வந்தது. அதன்பின் வந்த சட்டம் 14 வங்கிகளுக்கும் சேர்த்து 87.40 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது.

1969 ஜூனில் நாட்டில் 8,262 வங்கிக் கிளைகள். 1990இல் 59,752. அதற்குள் பழவேற்காட்டில் வேறொன்றும் மாறியிருந்தது. வங்கிகள் நாட்டுடைமையான ஆண்டிலேயே ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளத்துக்குத் தேர்வாகி, 1971 அக்டோபர் 9 அன்று முதல் ரோகிணி ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினரும் மற்றவர்களும் இடம்பெயர வேண்டியதாயிற்று. ஏரிக்கரையில் நாட்டுடைமையின் பலன் மெல்லத்தான் வந்தது, அதுவும் பெரும்பாலும் பெண்கள் வழியாக. 1990களில் பரவிய மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வங்கிகள் கடன் கொடுத்தன. அடமானமாகப் பட்டா கேட்காமல் குழுவின் வாக்கை எடுத்துக்கொண்டன. கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களுக்குத் தண்டல்காரரைத் தவிர இன்னொரு வாசல் திறந்தது. 2004 சுனாமிக்குப் பின் படகும் வலையும் நிவாரணமாக வந்தன. விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டை மீனவர்களுக்கும் உண்டு என 2018 நிதிநிலை அறிக்கை சொன்னது. வங்கிகள் நாட்டுடைமையாகி அப்போது 48 ஆண்டு தாண்டியிருந்தது.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தபோது அமெரிக்காவில் இன்னொரு குடியரசுத் தலைவர் தேர்தலின் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தது. மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தை இரு செய்திகளும் பங்கிட்டுக்கொண்டன. ரொக்கத்தில் நடக்கும் மீன் ஏலத்துக்கு அது கெட்ட காலம். நோட்டு இல்லாதபோது கடனுக்கு எடுத்து, கடனுக்கு விற்று, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க முடிந்தவர் வியாபாரி ஒருவரே.

தோற்ற சஞ்சீவ ரெட்டி 1977இல் போட்டியே இல்லாமல் குடியரசுத் தலைவரானார். சட்டமன்ற வாக்குகளின் எடை இன்றும் 1971 மக்கள்தொகையை வைத்தே போடப்படுகிறது: தென்கரைக்கு 176, வடகரைக்கு 159. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் இப்போது மீனவர் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் வரவாகிறது. தடை முடிந்து வலையைச் செப்பனிட ஆகும் பணம் பல வீடுகளில் இன்னமும் வியாபாரியிடமிருந்தே வருகிறது.