‘கன்னிபல் ஹோலோகாஸ்ட்’: ஒரு கொடூரப் படத்தின் வீடியோ வாழ்க்கை, 1982–2014

ருஜ்ஜெரோ தேயோதாதோ இயக்கிய ‘கன்னிபல் ஹோலோகாஸ்ட்’ 1980 பிப்ரவரியில் மிலான் நகரில் திரைக்கு வந்தது. பத்தே நாளில் நீதிமன்ற ஆணைப்படி பிரதிகள் பறிமுதலாயின. திரையரங்கில் இப்படிக் குறுகிய ஆயுளோடு முடிந்திருக்க வேண்டிய படத்தை நாற்பது ஆண்டுகளாகப் பேசுபொருளாக வைத்திருப்பது வீடியோ கேசட்டும், அதன் பின் வந்த டிவிடியும் புளூ-ரேயும்தான். வடிவம் மாறியபோதெல்லாம் படத்தின் மீதான குற்றச்சாட்டும் மாறியது. இத்தாலிய நீதிமன்றம் கேட்டது மனிதக் கொலையைப் பற்றி. பிரிட்டனின் கேசட் காலம் கவலைப்பட்டது குழந்தைகளைப் பற்றி. வட்டுகளின் காலத்தில் விலங்குகள் முன்னுக்கு வந்தன. இந்தப் படம் யாருக்குப் பெரும் அநீதி இழைத்ததோ அவர்கள் பக்கம் இன்றுவரை எந்த விசாரணையும் திரும்பவில்லை என்பதே என் வாதம்.

கதை எளிமையானது. அமேசான் காட்டுக்குள் ஆவணப்படம் எடுக்கப் போன நான்கு அமெரிக்க இளைஞர்கள் திரும்பவில்லை. மானிடவியல் பேராசிரியர் மன்றோ தேடிப் போகிறார். அவர்களுடைய எலும்புகளும் படச்சுருள்களும் கிடைக்கின்றன. நியூயார்க்கில் சுருள்களைப் போட்டுப் பார்க்கும்போது உண்மை தெரிகிறது: பரபரப்பான காட்சிக்காகக் குடிசைகளைக் கொளுத்தியதும், பெண்ணைச் சீரழித்ததும், மக்களைக் கொன்றதும் அந்த இளைஞர்களே. அதற்கான பழிதான் அவர்களுடைய சாவு. இத்தாலியில் அப்போது ‘ரெட் பிரிகேட்ஸ்’ தீவிரவாதிகளின் வன்முறையைத் தொலைக்காட்சி காட்டிய விதத்தின் மீதான கோபமே இந்தக் கதைக்கு வித்து என்று தேயோதாதோ சொல்லிவந்தார். ஆனால் அவர் நின்ற மரபும் சுத்தமானதல்ல. ஜாக்கோபெத்தி, ப்ரொஸ்பெரி, கவாரா மூவரும் எடுத்த ‘மோண்டோ கானே’ (1962), உலகின் ‘விசித்திரங்களை’ ஆவணப்படம் என்ற பெயரில் விற்கும் தொழிலைத் தொடங்கிவைத்தது. அதற்கு இசையமைத்தவர்களில் ஒருவரான ரிஸ் ஓர்த்தொலானியே இதற்கும் இசையமைத்தார். காட்டில் நரமாமிசம் தின்னும் பழங்குடிகள் என்ற கதைச்சரக்கை உம்பெர்த்தோ லென்ஸி 1972இலும், தேயோதாதோவே 1977இலும் ஏற்கெனவே விற்றிருந்தார்கள். ஊடகத்தின் பேராசையைக் கண்டிக்கும் படம், அதே பேராசை நிரப்பிய கல்லாவிலிருந்துதான் பிறந்தது.

உண்மையும் பொய்யும் இதில் எப்படிக் குழைக்கப்பட்டன என்பதற்கு ஒரு காட்சி போதும். அந்த இளைஞர்கள் முன்பு எடுத்த ஆவணப்படம் என்று ஒரு துண்டு காட்டப்படுகிறது. அதில் வரும் துப்பாக்கி மரணதண்டனைகள் நிஜச் செய்திப்படங்கள். சாகிறவர்கள் நிஜ மனிதர்கள். கதையிலோ, அவையெல்லாம் பணம் கொடுத்து நடிக்க வைத்தவை என்று தொலைக்காட்சி அதிகாரி மன்றோவிடம் சொல்கிறார். உண்மையான சாவுக்குப் பொய் என்ற முத்திரை. பொய்யான சாவுகளுக்கு உண்மை என்ற முத்திரை. இத்தனை விமர்சனங்களுக்கு நடுவே இந்த ஒரு புரட்டு மட்டும் உரிய கண்டனம் பெறாமல் தப்பியிருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

பொய் நன்றாகவே வேலை செய்தது. நடிகர்கள் சிலர் உண்மையிலேயே கொல்லப்பட்டிருக்கலாம் என்று 1981 ஜனவரியில் ‘ஃபோட்டோ’ என்ற பிரெஞ்சு இதழ் எழுதியது. மாயை கலையாதிருக்க ஓராண்டு காலம் வேறு எதிலும் தலைகாட்டக் கூடாது என்று நடிகர்களிடம் எழுதி வாங்கியிருந்த இயக்குநருக்கு அதுவே வினையானது. கடைசியில் நடிகர்களில் ஒருவரான லூக்கா பார்பரெஸ்கி வழியாக மற்றவர்களைக் கண்டுபிடித்து, உயிரோடு இருப்பதாகக் காட்ட வேண்டியதாயிற்று. கழுவேற்றப்பட்ட பெண்ணின் காட்சிக்கும் விளக்கம் கேட்கப்பட்டது: இரும்புக் கம்பத்தின் மேல் சைக்கிள் இருக்கை, அதில் அமர்ந்த பெண், வாயில் மென்மையான பால்சா மரத்துண்டு. கொலைக் குற்றச்சாட்டு விழுந்தது. ஆபாசம், வன்முறை ஆகியவற்றுக்காக நான்கு மாதத் தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. 1984இல் தடையும் நீங்கியது.

அதற்குள் படம் வேறொரு நாட்டில் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. பிரிட்டனில் திரையரங்குப் படங்களுக்குச் சான்றிதழ் வேண்டும். 1978இல் அறிமுகமான விஎச்எஸ் கேசட்டுக்கு அப்படி எந்த ஏற்பாடும் இல்லை. திருட்டுப் பிரதிகளுக்கு அஞ்சிய பெரிய ஹாலிவுட் நிறுவனங்கள் தயங்கி நின்றன. அந்த வெற்றிடத்தில் சிறு விநியோகஸ்தர்கள் மலிவாக உரிமை வாங்கிய ஐரோப்பிய, அமெரிக்கக் கொடூரப் படங்களைக் கொண்டு வந்து கொட்டினார்கள். பெட்டிக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும்கூடக் கேசட் வாடகைக்குக் கிடைத்தது. படம் என்னவென்று யாருக்கும் தெரியாத நிலையில் வியாபாரத்தை நடத்தியது அட்டைப்படமே. 1982இல் ‘கோ வீடியோ’ வெளியிட்ட கேசட்டின் அட்டையில் ஒரு பழங்குடி மனிதர் குடலைத் தின்றுகொண்டிருந்தார். விளம்பரம் கிடைக்கட்டும் என்று அந்த நிறுவனமே, ஒழுக்கப் பரப்புரையாளர் மேரி வைட்ஹவுஸுக்குத் தன் படத்தைப் பற்றிப் பெயரில்லாப் புகார்க் கடிதம் அனுப்பியது என்று வீடியோ தொழில் வட்டாரத்தில் சொல்வதுண்டு. கடிதம் போனதோ இல்லையோ, கிளர்ச்சி மூண்டது. ‘வீடியோ நாஸ்டிகளை’, அதாவது அருவருப்பு வீடியோக்களைத் தடை செய் என்று ‘டெய்லி மெயில்’ இயக்கமே நடத்தியது. 1959ஆம் ஆண்டின் ஆபாச வெளியீட்டுச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போலீஸார் கடைகளில் இறங்கினார்கள். தலைப்பை மட்டும் பார்த்து, சாமுவேல் ஃபுல்லரின் போர்ப்படமான ‘தி பிக் ரெட் ஒன்’ படத்தையும் அள்ளிப்போன கூத்தும் நடந்தது. அரசு வழக்குத் துறை 1983இலிருந்து வெளியிட்ட பட்டியல்களில் மொத்தம் 72 படங்கள் இடம்பெற்றன; அவற்றில் 39 மீதான வழக்குகள் வென்றன. ‘கன்னிபல் ஹோலோகாஸ்ட்’ அந்த 39இல் ஒன்று.

இந்தக் கிளர்ச்சிக்கு அறிவியல் முலாம் பூசிய ஆய்வையும் கவனிக்க வேண்டும். சிறு பிள்ளைகளில் பெரும் பங்கினர் இத்தகைய படங்களைப் பார்த்துவிட்டார்கள் என்று, நாடாளுமன்றக் குழு என்ற பெயரில் இயங்கிய ஒரு குழு அறிவித்தது. பிள்ளைகளிடம் தலைப்புப் பட்டியலைக் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னதே அதன் முறை. உளவியலாளர் கை கம்பர்பேட்ச்சும் பால் பேட்ஸும் அதே முறையில், இல்லவே இல்லாத படங்களின் பெயர்களைச் சேர்த்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள். 68 விழுக்காட்டினர் அந்தக் கற்பனைப் படங்களையும் பார்த்ததாகச் சொன்னார்கள். ஆனால் சட்டத்தின் வேகம் குறையவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் கிரஹாம் பிரைட் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 1984ஆம் ஆண்டின் வீடியோ பதிவுகள் சட்டமாயிற்று. ஒவ்வொரு கேசட்டும் வீட்டில் பார்க்கப்படக்கூடியது என்பதைச் சிறப்பாகக் கருத்தில் கொண்டு சான்றளிக்க வேண்டும் என்றது அது. நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மீண்டும் மீண்டும் பார்க்கும் பார்வையாளர் அன்றுதான் சட்டத்தின் கண்ணில் பட்டார். (விதிப்படி ஐரோப்பிய ஆணையத்துக்கு இச்சட்டம் அறிவிக்கப்படவே இல்லை என்பது 2009இல்தான் தெரியவந்தது, 2010இல் அதையே மறுபடியும் இயற்றினார்கள்.)

தடைக்குப் பிறகு படம் திருட்டுப் பிரதிகளாகச் சுற்றியது. படத்தின் தன்மையையே மாற்றிய காலம் இது என்பதால் இங்கே சற்று நிற்க வேண்டும். தேயோதாதோ இதை இரண்டு அளவுகளில் படமாக்கினார். மன்றோவின் பயணமும் நியூயார்க் காட்சிகளும் 35 எம்எம்மில். இளைஞர்களின் ‘கண்டெடுத்த’ சுருள்கள் 16 எம்எம்மில். பின்னதில் நடுங்கும் கேமரா, வேண்டுமென்றே போட்ட கீறல்கள், அறுபடும் ஒலி, திடீரென வெளுத்துப்போகும் பிம்பம். திரையரங்கில் பார்த்தவருக்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படம் மாறும்போது இது செய்நேர்த்தி என்பது கண்ணில் தைத்திருக்கும். விஎச்எஸ் நாடாவோ கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 கோடுகளுக்கு மேல் விவரம் தாங்காது. பிரதிக்குப் பிரதி எடுக்கும்போது அதுவும் கரைந்து, நிறம் வழிந்து, ஓரங்களில் இரைச்சல் கோடுகள் ஏறும். நான்காம் ஐந்தாம் கைப் பிரதியில் 35க்கும் 16க்கும் வித்தியாசமே இராது. இயக்குநர் போட்ட கீறலும் நாடா தானாகப் பெற்ற காயமும் ஒன்றாகிவிடும். முழுப் படமும் யாரோ ஒளித்துவைத்திருந்த ஆதாரத்தைப் போலத் தோன்றும். 1993இல் பர்மிங்காமில் ஒரு காமிக்ஸ் சந்தையில் இந்தக் கேசட் சிக்கியபோது, உண்மைக் கொலையைப் பதிவுசெய்த வீடியோ பிடிபட்டதாகச் செய்தி வந்ததில் வியப்பில்லை. இத்தாலிய நீதிமன்றத்தில் உயிரோடு வந்து நின்றவர்களை அந்த நாடா மறுபடியும் கொன்றிருந்தது.

வட்டுகள் வந்ததும் இந்த மயக்கம் தெளிந்தது. அமெரிக்காவின் கிரைண்ட்ஹவுஸ் ரிலீசிங் 2005இல் டிவிடியும் 2014இல் புளூ-ரேயும் வெளியிட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான பாப் முராவ்ஸ்கி, ‘தி ஹர்ட் லாக்கர்’ படத்துக்குப் பின்னாளில் ஆஸ்கர் பெற்ற படத்தொகுப்பாளர். 35 எம்எம் பகுதியின் தெளிவும் 16 எம்எம் பகுதியின் கரகரப்பும் பழையபடி பிரிந்து தெரிந்தன. மனிதச் சாவுகள் ஒப்பனை என்று பார்த்த மாத்திரத்தில் புலப்பட்டது. அதே தெளிவில் இன்னொன்றும் புலப்பட்டது: விலங்குகளின் சாவில் ஒப்பனை ஏதும் இல்லை. கோவாட்டி என்ற நீள்மூக்குச் சிறுவிலங்கு கதறக் கதறக் கத்தியால் குத்தப்படுகிறது. பெரிய ஆற்று ஆமை கரைக்கு இழுக்கப்பட்டு, தலை வெட்டப்பட்டு, ஓடு பிளக்கப்படுகிறது. சிலந்தி, பாம்பு, பன்றி. அணில் குரங்கின் காட்சிக்கு இரண்டு டேக் எடுத்ததால் இரண்டு குரங்குகள். பன்றியைச் சுட மறுத்துவிட்டார் நடிகர் கார்ல் யோர்க். அந்த வேலையைப் பார்பரெஸ்கி செய்தார். சூட்டுக்குப் பின் யோர்க் பேச வேண்டிய நீண்ட வசனம், பன்றியின் அலறலில் அவருக்குக் குழறியது. மறு டேக் எடுக்க வேறு பன்றி இல்லை. ஆமைக் காட்சி முடிந்ததும் நடிகர் பெரி பிர்கனன் அழுதார். கோவாட்டி கொல்லப்படும்போது மன்றோவாக நடித்த ராபர்ட் கெர்மன் படப்பிடிப்பை விட்டே வெளியேறினார். பின்னாளில் தேயோதாதோவுடன் சேர்ந்து வட்டுக்கான விளக்கவுரையில் பேசினாலும் அந்தக் கோபத்தை அவர் விட்டுவிடவில்லை. விலங்குகளைக் கொன்றது மடத்தனம் என்று தேயோதாதோவும் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

2005ஆம் ஆண்டு வட்டின் மெனுவில் ஒரு புதுமை இருந்தது: விலங்குவதைக் காட்சிகள் இல்லாமலும் படத்தைப் பார்க்கலாம். தணிக்கை அதிகாரியின் கத்தரிக்கோல் பார்வையாளரின் ரிமோட்டுக்கு இடம் மாறியது. பிரிட்டனில் நடந்ததோ நேரெதிர். 1937ஆம் ஆண்டின் திரைப்பட விலங்குகள் சட்டப்படி, படத்துக்காக ஏற்பாடு செய்த விலங்குக் கொடுமையைக் காட்டக் கூடாது. 2001இல் பிரிட்டனின் தணிக்கை வாரியம் 5 நிமிடம் 44 விநாடி வெட்டி அனுமதித்தது. 2011இல் வெட்டு வெறும் 15 விநாடியாகச் சுருங்கியது. வேகமான, சுத்தமான கொலை சட்டத்தின் பார்வையில் கொடுமை ஆகாது என்பதே காரணம். அதனால் பார்க்கவே வயிறு புரளும் ஆமைக் காட்சி முழுசாகத் தப்பியது. கோவாட்டி மட்டும் நீக்கப்பட்டது. சட்டத்தின் தர்க்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மெனுவில் தேர்வு தருவதும் விநாடிகளைக் குறைப்பதும் பார்க்கிறவரின் மன உளைச்சலைத்தான் குறைக்கின்றன. நடந்த குற்றத்தின் பதிவு முழுமையாக இருப்பதே சரி. அந்தப் பதிவை யாரும் பொழுதுபோக்காக விற்காதிருப்பது அதைவிடச் சரி.

விலங்குகளை நீக்க ஒரு பொத்தான் உண்டு. பழங்குடிகளை நீக்க முடியாது. படமே அவர்கள் மீதுதான் நிற்கிறது. படத்தில் வரும் குழுக்களில் இரண்டுக்கு யனோமாமோ, ஷமத்தாரி என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இரண்டும் நெப்போலியன் சாக்னான் என்ற அமெரிக்க மானிடவியலாளரின் நூல்களில் வரும் நிஜப் பெயர்கள். ஷமத்தாரி என்போர் யனோமாமி (யனோமாமோ) மக்களில் ஒரு பிரிவினர். படமோ அவர்களைச் சதுப்பில் வாழும் பகை இனமாக்கிவிட்டது. படப்பிடிப்பு நடந்த லெட்டிசியா கொலம்பியாவின் தென்கோடி. யனோமாமிகள் வாழ்வதோ அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, வெனிசுவேலாவும் பிரேசிலும் சேரும் எல்லைக்காட்டில். கேமரா முன் நின்றவர்கள் வேறு மக்கள். யனோமாமிகளிடம் உள்ள வழக்கம், இறந்தவரை எரித்து, எலும்பைப் பொடித்து, வாழைப்பழக் கஞ்சியில் கலந்து உறவினர்கள் அருந்துவது. பிரிந்தவர் மீதான பாசத்தின், துக்கத்தின் சடங்கு அது. மனிதரை வேட்டையாடித் தின்பதாகப் படம் அவர்கள் தலையில் கட்டியது அப்பட்டமான அவதூறு. ‘உண்மையான நரமாமிச உண்ணிகள் யார்?’ என்று முடிவில் மன்றோ வழியாக நகரத்து மனிதர்களை நோக்கி எழுப்பும் கேள்வியால் இந்த அவதூறு கழுவப்பட்டுவிடாது.

கேசட் பிரிட்டனில் வீடுவீடாகச் சுற்றிய அதே பத்தாண்டில், பிரேசில் பகுதியில் தங்கம் தோண்ட வந்த பல்லாயிரம் பேர் யனோமாமி நிலத்துக்குள் புகுந்தார்கள். மலேரியாவும் பாதரசமும் கூடவே வந்தன. 1992இல் பிரேசில் அரசு 96 லட்சம் ஹெக்டேரை அவர்களுக்கென வரையறுத்தது. பர்மிங்காமில் போலிக் கொலையை நிஜமென்று நம்பிய அதே 1993இல் ஹஷிமு என்ற யனோமாமி ஊராரில் 16 பேரைத் தங்க வேட்டைக்காரர்கள் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு. பிரேசில் நீதிமன்றம் அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தது. நிலத்துக்காகக் கொல்லப்படும் மக்களைக் கொல்லும் மக்களாகச் சித்தரிக்கும் ஒரு படம் அவர்களுடைய பெயரோடு கடையில் விற்கிறது என்பதை, பதிப்புக்குப் பதிப்பு விநாடிக் கணக்கை ஒப்பிடும் நம் போன்ற ஆய்வாளர்களும் கண்டுகொள்ளவில்லை.

வட்டுகளின் கூடுதல் பகுதிகளில் இயக்குநர் பேசுகிறார், நடிகர்கள் பேசுகிறார்கள். யனோமாமிகளுக்கும் பேச ஆள் உண்டு. யனோமாமித் தலைவர் டாவி கொபெனாவா, மானிடவியலாளர் புரூஸ் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து எழுதிய ‘வீழும் வானம்’ 2010இல் பிரெஞ்சில் வெளிவந்து உலகெங்கும் வாசிக்கப்படுகிறது. ஹுத்துக்காரா என்ற அவர்களுடைய சங்கம் 2004இலிருந்து இயங்குகிறது. இந்தப் படத்தை இன்னொரு முறை துலக்கி வெளியிட நினைக்கும் எந்த நிறுவனமும் நெகட்டிவைத் தேடிப் போவதற்கு முன் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அவர்கள் தரும் பதிலை, அது எவ்வளவு கடுமையாக இருந்தாலும், படம் தொடங்கும் முன் அட்சரம் பிசகாமல் திரையில் போட வேண்டும்.