கூடமும் நொய்யலும்: மக்களிடம் கேட்கக் கற்றுக்கொண்ட வரலாறு

திருப்பூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பனியன். அதற்கு அடுத்து நினைவுக்கு வருவது நொய்யல் ஆறும் சாயக்கழிவும். இந்த இரண்டைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஆனால் இவற்றோடு சேர்ந்த இன்னொரு கேள்வி அதிகம் பேசப்படவில்லை. ஒரு ஊரின் தண்ணீரைப் பற்றி முடிவெடுக்கும்போது யாரிடம் கேட்டார்கள்? எப்போது கேட்டார்கள்? கேட்பதற்கு அதிகாரிகளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா?

"கேட்பதற்குக் கூடவா பயிற்சி?" என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பயிற்சி உண்மையிலேயே நடந்தது. அதே காலத்தில் திருப்பூரில் நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அருமை புரியும்.

கேட்காமல் வளர்ந்த ஊர்

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920களிலேயே தொடங்கிவிட்டது. நீண்ட காலம் அது வெள்ளை பனியன் ஊர்தான். துணியை வெளுக்க சலவைப்பட்டறை இருந்தால் போதும். 1970களின் இறுதியில் ஏற்றுமதி தொடங்கி, 80களில் கலர் டி-ஷர்ட்டுகளுக்கு ஆர்டர்கள் குவிந்தபோது நிலைமை மாறியது. சாயப்பட்டறைகள் நொய்யல் கரையோரம் வரிசையாக முளைத்தன.

பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்க ஏராளமான உப்பு வேண்டும். சாயம் துணியில் தங்கிவிடும். உப்பு தண்ணீரோடு போய்விடும். சாதாரண சுத்திகரிப்பில் நிறம் குறையுமே தவிர, கரைந்த உப்பு போகாது. அந்த உப்பு ஆற்றில் இறங்கி, கிணறுகளுக்கும் வயல்களுக்கும் பரவியது.

ஆற்றின் கீழ்ப்பகுதியில், சென்னிமலை அருகே ஒரத்துப்பாளையம் அணை 1992ல் கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு மாவட்டத்தில் 500 ஏக்கரும் கரூர் மாவட்டத்தில் 9,875 ஏக்கரும் இதனால் பாசனம் பெற வேண்டும் என்பது திட்டம். ஆனால் சில ஆண்டுகளிலேயே அணையில் தேங்கியது பயிருக்கு உதவாத தண்ணீராகிவிட்டது. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்கவே கூடாது என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது!

சுற்றுச்சூழலைப் பாதிக்கும் பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்ற விதி இந்தியாவில் 1997ல்தான் கட்டாயமானது. அதற்குள் திருப்பூரில் நூற்றுக்கணக்கான பட்டறைகள் வந்துவிட்டன. மேலே இருப்பவர் சாயம் போட்டால் கீழே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒரு மேடை இல்லாமலே ஒரு தொழில் நகரம் உருவாகிவிட்டது எனலாம்.

நீதிமன்றமே மேடையானது

பேச இடம் இல்லாதபோது விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கரூர் வட்ட நொய்யல் கால்வாய் விவசாயிகள் சங்கம் 1996ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. பின்னர் 2003ல் நொய்யல் ஆற்றுப் பாசனதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் இன்னொரு வழக்கைத் தொடுத்தது.

இதற்கிடையே, சூழல் இழப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 2004 டிசம்பரில் தன் முடிவைச் சொன்னது. 68 கிராமங்களில் 28,596 விவசாயிகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களுக்கான இழப்பீடு சுமார் 24.79 கோடி ரூபாய். பல ஆண்டுகளாக "பாதிக்கப்பட்டோர்" என்று பொதுவாகச் சொல்லப்பட்ட மக்கள் அப்போதுதான் ஓர் எண்ணிக்கையாகப் பதிவானார்கள்.

2006 டிசம்பர் 22 அன்று உயர் நீதிமன்றம் கடுமையான உத்தரவு பிறப்பித்தது. கழிவுநீர் சொட்டுக்கூட வெளியேறாத 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டும், அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம் கட்ட வேண்டும் என்றது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அப்படியும் முழுமையாக நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன.

விவசாயிகளுக்கு அது நியாயம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பட்டறையில் கூலி வேலை பார்த்தவர்களும், சாயம் போட்ட துணி வராமல் பவர்டேபிளில் சும்மா உட்கார்ந்தவர்களும் அந்த வழக்கில் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் இடம். எல்லோரும் கூடி வழி தேடும் இடமாக அது இருக்க முடியாது.

பொறியாளர்கள் வட்டமாக உட்கார்ந்தபோது

நொய்யல் வழக்கு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், தண்ணீர் சம்பந்தப்பட்ட இன்னோர் அரசு அமைப்பு வேறொரு பாதையில் போய்ப் பார்த்தது. 1971ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்தான் அது. சென்னை நீங்கலாக மாநிலத்தின் மற்ற பகுதிகளுக்குக் குடிநீர்த் திட்டங்களைப் போடும் பொறுப்பு அதனுடையது.

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கடுமையான வறட்சி. நிலத்தடி நீர் இறங்க இறங்க, போர்வெல் ஆழமாகிக்கொண்டே போனது. புதிது புதிதாகத் திட்டம் போட்டும் குழாயில் தண்ணீர் வரவில்லை. தவறு இயந்திரத்தில் மட்டும்தானா, வேலை செய்யும் முறையிலும் இருக்கிறதா என்ற கேள்வி வாரியத்துக்குள்ளேயே எழுந்தது.

2004ல் பொறியாளர்களுக்கான பயிற்சி முகாம்கள் தொடங்கின. ஐ.ஏ.எஸ். அதிகாரி விபு நாயரும் வழக்கறிஞர் வி. சுரேஷும் இதில் முக்கியப் பங்கு வகித்தனர். யூனிசெப் துணை நின்றது. பம்ப், பைப் பற்றிய பாடம் அங்கே இல்லை. தங்கள் வேலை யாருக்காக, கிராமத்து மக்களைத் தாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்பதைத்தான் பேசினார்கள். மக்கள் வெறும் பயனாளிகளா, அல்லது தண்ணீரின் உரிமையாளர்களா என்று விவாதித்தார்கள்.

இந்த முறைக்கு அவர்கள் வைத்த பெயர் 'கூடம்'. நம் பழைய வீடுகளில் எல்லோரும் வந்து உட்காரும் பொது இடம் அது. கூடத்தில் தலைமை நாற்காலி கிடையாது. தலைமைப் பொறியாளரும் இளநிலைப் பொறியாளரும் வட்டமாக உட்கார வேண்டும். பதவி பார்க்காமல் பேசலாம், கேள்வி கேட்கலாம். மேலதிகாரி முன்னால் வாய் திறக்கப் பழகாத ஓர் அரசு அலுவலகத்தில் இது சின்ன விஷயம் அல்ல. தன் அலுவலகத்திலேயே பேச முடியாத ஒரு பொறியாளர், கிராமத்துக்குப் போய் ஏழை மக்களை எப்படிப் பேச விடுவார்? அதனால்தான் மாற்றத்தை உள்ளே இருந்து தொடங்கினார்கள்.

இந்த முயற்சியில் உருவான உறுதிமொழிக்கு 'மறைமலைநகர் பிரகடனம்' என்று பெயர். நீர் ஆதாரங்களைக் காப்பது, புதிய திட்டங்களிலேயே பணத்தைப் போடாமல் பழைய திட்டங்களைச் சீரமைப்பது, ஏழைகளுக்கு முன்னுரிமை தருவது ஆகியவை அதன் சாரம். பிறகு அதே கூடம் கிராமங்களுக்குப் போனது. மாநிலமெங்கும் ஏறத்தாழ 145 ஊராட்சிகளில் இதைச் செய்து பார்த்தார்கள். செலவுக் கணக்கை மக்கள் முன்னால் வைத்தார்கள். முழு விவரமும் தெரிந்தபோது பல ஊர்களில் மக்களே செலவு குறைந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கூடத்தை நொய்யலோடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் தெளிவாகத் தெரியும். கூடத்தில் மக்களிடம் கேட்டபோது முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை. குழி தோண்டுவதற்கு முன்பே கேட்டார்கள். நொய்யலில் விவசாயிகளின் குரல் பதிவானபோது கிணறு ஏற்கெனவே உப்பாகிவிட்டது. பட்டறைத் தொழிலாளியின் குரலோ, பூட்டுப் போட்ட பிறகும் பதிவாகவில்லை.

இன்றைய கேள்வி

1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் கிராம சபை ஒரு நிரந்தரக் கூடம் போன்றது. அதற்குக் குறைந்தபட்ச வருகை எண்ணிக்கையும் உண்டு. மூவாயிரத்துக்கு மேல் பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 200 பேர் வர வேண்டும். ஆனால் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நடக்கும் சுற்றுச்சூழல் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அப்படி எந்த எண்ணிக்கையும் தேவையில்லை. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கணக்கு.

நாளும் முக்கியம். கிராம சபை முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் நடந்தது. நான்கும் சட்டப்படி தொழிற்சாலைகளுக்கு விடுமுறை. பனியன் கம்பெனித் தொழிலாளியும் போக முடியும். 2022ல் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினமும் சேர்க்கப்பட்டு ஆறு கூட்டங்கள் ஆயின. நல்ல முடிவுதான். ஆனால் இந்த இரண்டும் கம்பெனிக்கு வேலை நாட்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒரு பெண், தண்ணீரைப் பற்றிப் பேசவென்றே வைத்த கூட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும்.

இன்னொரு தரப்பும் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து திருப்பூரில் வேலை செய்பவர்கள் ஏராளம். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கிராம சபை உறுப்பினர். இவர்களில் பலருக்குச் சொந்த ஊரில்தான் ஓட்டு. தண்ணீர் குடிப்பது இங்கே, பேசும் உரிமை அங்கே!

திருப்பூர்ப் பகுதி அதிகாரிகளுக்கும் ஊராட்சித் தலைவர்களுக்கும் இனி ஒரு பயிற்சி நடந்தால், அது இந்தச் சாதாரண விஷயங்களிலிருந்து தொடங்க வேண்டும். கூட்டம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? ஷிப்ட் முடிந்து வருபவர் வர முடியுமா? அறிக்கை தமிழில் இருக்கிறதா, இந்தி, ஒடியா பேசுபவருக்கு யார் எடுத்துச் சொல்வார்கள்? ஆற்றின் கீழே இருக்கும் ஊருக்குத் தகவல் போனதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகு கூட்டத்துக்குத் தேதி குறித்தால் போதும்.

ஜீரோ டிஸ்சார்ஜ் தொழில்நுட்பத்தைத் திருப்பூர் மிகுந்த செலவு செய்து, நீதிமன்றத்தின் கண்டிப்பில் கற்றுக்கொண்டது. வட்டமாக உட்கார்ந்து பேசக் கற்றுக்கொள்வதற்கு அத்தனை செலவு ஆகாது.